நாளைக்கு என்றொரு ஃபோல்டர்

மூடுல் என் தலையில் வந்து விழுந்தது ஒரு டீ நேரத்தில். துறைத் தலைவர்கள் கூட்டம். பாடக் குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டுவைக்க ஆன்லைன் தளம் ஒன்று வேண்டும், அதை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. கணினித் துறைக்காரர்கள் சீலிங் ஃபேனைப் பார்த்தார்கள். "மேடம் நூலகர்தானே, அடுக்கி வைக்கிறது அவங்களுக்குக் கைவந்த கலை" என்றார் ஒருவர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வடை வந்து சேர்வதற்குள் அது முடிவாகிவிட்டது. இது 2019இல்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகர். பிள்ளைகளில் பாதிப் பேர் காலை ஆறரைக்கே பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களிடம் லேப்டாப் இருக்கும், ஆனால் அது வீட்டில் இருக்கும். கையில் இருப்பது போன். இந்தச் சின்ன விஷயத்தை நான் நாலு வருடம் கழித்துத்தான் கவனித்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையே.

தெரியாதவர்களுக்காக: மூடுல் என்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் தொடங்கிய மென்பொருள். 2002 ஆகஸ்ட்டில் முதல் பதிப்பு வந்தது. காசு கிடையாது, கல்லூரி தன் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். பாடத்துக்கு ஒரு பக்கம், அதற்குள் குறிப்புகள், அசைன்மென்ட், குவிஸ் எல்லாம். டூகியாமஸ் சிறுவயதில் ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் ரேடியோ வழியாகப் பாடம் கேட்டு வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்த பையன் எழுதியது என்பதாலேயே எனக்கு அந்த மென்பொருள் மேல் ஒரு வாஞ்சை உண்டு.

நிறுவிய முதல் வாரம் யாராலும் எதையும் ஏற்ற முடியவில்லை. சர்வரில் மூடுலை ஓட்டும் பிஎச்பி என்ற நிரல்மொழி, யாரும் மாற்றிச் சொல்லாதவரை 2 எம்பிக்கு மேல் ஒரு ஃபைலை உள்ளே விடாது. எங்கள் ஆசிரியர்களின் பிபிடி ஒவ்வொன்றும் 40 எம்பி, முதல் ஸ்லைடில் ரோஜாப்பூ. ஆய்வகத் தம்பி ஒருவன் அந்த எண்ணைத் திருத்திக் கொடுத்தான். அப்புறம் ஓரிருவர் போட்டார்கள், மற்றவர்கள் மறந்தார்கள். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் எங்கள் மூடுல் எப்படி ஆனது என்றால், கல்யாண வீட்டுக்கு மறுநாள் மண்டபத்து அறை மாதிரி. ஒரு பாடத்தின் பக்கத்தில் 140 ஃபைல். மேலிருந்து கீழே ஏற்றிய வரிசையில் கிடக்கும். 'யூனிட் 3 ஃபைனல்', அதன் கீழே 'யூனிட் 3 ஃபைனல் நியூ', அதற்கும் கீழே 'யூனிட் 3 ஃபைனல் நியூ (2)'. பெயரே இல்லாமல் ஸ்கேன் எண்ணோடு நிற்பவை பாதி. ஓர் ஆசிரியை வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தார், அது அவர் பேத்தியின் பிறந்தநாள் கேக். ஆறு மாதம் அது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் இருந்தது, ஒரு பிள்ளையும் புகார் சொல்லவில்லை.

நூலகர் மனசு இதைப் பார்த்துத் தாங்குமா? 2022 டிசம்பரில் செமஸ்டர் விடுமுறை வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு ஐந்து யூனிட். ஆக ஐந்து ஃபோல்டர். (கோப்புறை என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் வாயைத் திறந்து ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, எங்கள் தமிழய்யாவும் சொல்லிக் கேட்டதில்லை.) ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் நான்கு உள் ஃபோல்டர்: குறிப்புகள், ஸ்லைடுகள், வினாக்கள், வீடியோ. ஃபைல் பெயருக்கும் ஒரு சட்டம் போட்டேன். கல்லூரியின் சுருக்கப் பெயர், துறை, செமஸ்டர், பாட எண், யூனிட், கடைசியில் தலைப்பு. எல்லாம் அடிக்கோடு போட்டு இணைத்து, ரயில் பெட்டி கோத்த மாதிரி.

மூடுலில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் கணினியில் ஃபோல்டர் எல்லாவற்றையும் அடுக்கி, ஜிப் செய்து, பாடப் பக்கத்தின் மேல் இழுத்துப் போட்டால் அது கேட்கும்: இதை அப்படியே ஃபைலாக வைக்கவா, பிரித்து ஃபோல்டர் ஆக்கவா? பிரி என்றால் உள் ஃபோல்டர் உட்பட அத்தனையும் அப்படியே விரிந்துவிடும். இது தெரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. மூன்று வாரத்தில் 84 பாடங்களை முடித்தேன். முதல்வர் வந்து பார்த்தார். ஒரு பாடத்தைத் திறந்து காட்டினேன். ஐந்தே ஐந்து மஞ்சள் படம், வெள்ளை வெளேரென்ற பக்கத்தில். "இப்பத்தான் மேடம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அறிக்கையில் சேர்த்தார்கள். நானும் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன், ஒளிப்பானேன்.

பிப்ரவரியில் முதல் இன்டர்னல் தேர்வு வந்தது. மூடுலில் நடவடிக்கை அறிக்கை என்று ஒன்று இருக்கிறது, எந்தப் பொருளை (பாடப் பக்கத்தில் நாம் வைக்கும் ஃபைல், ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு பொருள்) எத்தனை பேர் திறந்தார்கள் என்று சொல்லும். ஆசையாகத் திறந்தேன். 62 பேர் படிக்கிற வகுப்பில் யூனிட் 1 ஃபோல்டரைத் திறந்தவர்கள் 19 பேர். யூனிட் 2, 11 பேர். போன வருடம், அந்தக் குப்பைமேடாக இருந்த காலத்தில், இதே பாடத்தில் 'யூனிட் 1 நியூ' என்ற ஃபைலை 50 பேருக்கு மேல் திறந்திருந்தார்கள்.

முதலில் பிள்ளைகள் மேல்தான் கோபம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எப்போதும் சூடாகக் கிடைக்கும் கருத்து, நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டேன். தெளிவு வந்தது வாசிப்பறையில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் போனை எட்டிப் பார்த்தபோது.

"எனக்கு எடுத்துக் காட்டும்மா, யூனிட் 2 குறிப்பு" என்றேன். அவள் செய்ததை அப்படியே சொல்கிறேன். தளத்தைத் திறந்தாள், வெளியேற்றிவிட்டிருந்தது, பாஸ்வேர்ட் அடித்தாள். பாடங்களின் பட்டியல். பாடத்தைத் தொட்டாள். கட்டை விரலால் கீழே தள்ளித் தள்ளி யூனிட் 2க்கு வந்தாள். தொட்டாள், புதுப் பக்கம். அந்தப் பக்கத்தில் நான்கு உள் ஃபோல்டர், மூடிய நிலையில், பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம். முக்கோணத்தைத் தொட மூன்று முறை முயன்றாள், அது கடுகு சைஸ். விரிந்தது. ஆறு ஃபைல். முதல் ஃபைலை இறக்கினாள், அது வேறு தலைப்பு. திரும்பி வர பேக் அழுத்தினாள், போன் அவளைப் பாடங்களின் பட்டியலுக்கே கொண்டுபோய் விட்டது. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாவது ஃபைலையும் இறக்கிவிட்டு, போனின் டவுன்லோட்ஸுக்குப் போனாள். அங்கே இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டின் பெயரும் ஒன்று. கல்லூரி, துறை, செமஸ்டர், பாட எண் என்று என் ரயில் ஓடிக்கொண்டே இருக்க, திரையின் அகலம் முடிந்த இடத்தில் மூன்று புள்ளி. தலைப்பு இருந்த கடைசிப் பெட்டி பிளாட்ஃபாரத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

"வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா ஒரு நிமிஷத்துல வந்துரும் மேம்" என்றாள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. பாவம், என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஐந்து மஞ்சள் படங்களும் குளிர்ச்சியாக இருந்தது எங்கள் கண்ணுக்கு. பெரிய மானிட்டரில், சுட்டியை வைத்துக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்கள் கண்ணுக்கு. அடுக்குகிறவருக்குத் தேட வேண்டிய தேவை இல்லை, அவர்தானே வைத்தார்.

மூடுல் ஃபோல்டரின் இன்னொரு குணமும் அப்போதுதான் புரிந்தது. ஃபோல்டரை யார் திறந்தார்கள் என்று அறிக்கை சொல்லும். முழுவதையும் ஜிப்பாக இறக்கினார்களா என்றும் சொல்லும். உள்ளே எந்த ஃபைலைப் பார்த்தார்கள் என்று சொல்லாது. ஒரு ஃபைலை மட்டும் தேதி வைத்து மறைப்பது, முந்தையதை முடித்தால்தான் இதைக் காட்டுவேன் என்று பூட்டுப் போடுவது, இதெல்லாம் தனிப் பொருளாக வைத்தால்தான் முடியும். ஃபோல்டருக்குள் போய்விட்டால் அத்தனைக்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு. வருடத்துக்கு ஒருமுறை மாறாத விஷயங்களுக்கு அது சரியான இடம். ஆய்வகக் கையேடு, பத்து வருட வினாத்தாள், மாதிரிப் புரோகிராம்கள் என்று மொத்தமாக இறக்கிக்கொண்டு போகிற சாமான்களுக்கு அதை அடிக்க வேறொன்று இல்லை. நான் செய்தது என்னவென்றால், தினம் எடுக்கிற உப்பு டப்பாவையும் பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ஜெராக்ஸ் கடை.

எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தேன். மறுநாள் இன்டர்னல், கூட்டம் அலைமோதியது. "அண்ணா, மெக்கானிக்கல் நாளைக்கு", "அண்ணா, ஈசிஇ செகண்ட் இயர் நாளைக்கு" என்று குரல்கள். பாடத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் தலையை நிமிர்த்தாமலே பிரின்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், ஒரு நிமிஷம்" என்று ஸ்டூலைக் காட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தால் அவர் திரை தெரிந்தது. நான் பார்க்காமல் இருப்பேனா?

டெஸ்க்டாப்பில் துறைக்கு ஒன்றாக ஃபோல்டர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டு, ஒரு ஃபோல்டர். அதன் பெயர் 'நாளைக்கு'. ஆச்சரியக்குறி எதற்கு என்று கேட்டேன். "அதை முன்னாடி போட்டாதான் மேடம் லிஸ்ட்ல முதல்ல வந்து நிக்கும்" என்றார். உள்ளே எட்டு ஃபைல்தான். துறை, வருடம், அவ்வளவுதான் பெயர். 'மெக் 2', 'சிவில் 3'. ராத்திரி கடை அடைக்கும்போது அதைக் காலி செய்துவிட்டு, டைம்டேபிளைப் பார்த்து அடுத்த நாளுக்கு உரியதை எடுத்து நிரப்பிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவாராம். மீதி எல்லாம் டி டிரைவில், வருடவாரியாக, மூன்று ரெகுலேஷனுக்கும், அதாவது மூன்று பாடத்திட்டத்துக்கும், தனித்தனியாக. "பழைய ரெகுலேஷனை அழிக்கலையா அண்ணே?" "அரியர் பசங்க எங்க போவாங்க மேடம்?"

நான் சறுக்கிய இடம் அது. 2013 ரெகுலேஷன் ஃபைல்களை, காலாவதி என்று, மூடுலிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டிருந்தேன். ரெகுலேஷன் மாறினால் பாட எண் மாறும், யூனிட் இடம் மாறும், ஆனால் அரியர் வைத்திருக்கிற பையன் பழைய எண்ணில்தான் பரீட்சை எழுதுவான். நூலகவியலில் முதுகலை படித்த எனக்கு இது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவன்தானே அவரிடம் வந்து நிற்கிறான்.

சரி, தமிழய்யா கதைக்கு வருகிறேன்.

2022இல் பொறியியல் முதலாமாண்டுக்கு 'தமிழர் மரபு' என்றொரு பாடம் வந்தது. அதற்கு எங்களுக்கு ஒரு தமிழாசிரியர் வந்து சேர்ந்தார். பொறியியல் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் முதன்முதலாக வேட்டி தெரிந்தது அப்போதுதான். அவர் குறிப்புகள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. பிள்ளைகள் போனில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்தாகி, கடைசியில் ஓர் அரைப்புள்ளியோடு நிற்கும். யுனிகோடுக்கு மாற்றித் தந்தேன். அது ஒரு வாரம். அப்புறம் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நூலகர் அம்மா, உங்க மூடுலுக்கு எண்ணத் தெரியலையே."

ஒரே ஃபோல்டருக்குள் முதல் அலகு, இரண்டாம் அலகு என்று எழுத்தில் பெயர் வைத்து ஐந்து உள் ஃபோல்டர் போட்டிருந்தார். மூடுல் அதை அடுக்கியிருந்த வரிசை: இரண்டாம், ஐந்தாம், நான்காம், முதல், மூன்றாம். அகராதி வரிசைப்படி அது சரிதான். இகரத்துக்கு அப்புறம் ஐகாரம், நகரத்துக்கு அப்புறம் மகரம், முவுக்குப் பின் மூ. பரீட்சை வரிசைப்படி அது பேரிடர். முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டால் சரியாகிவிடும் என்றேன். போட்டுக் கொடுத்தேன்.

அவர் போகவில்லை. என் திரையில் அந்த மஞ்சள் படங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் மனசு கேட்காமல் 19 பேர், 11 பேர் கதையைச் சொன்னேன், ஜெராக்ஸ் கடைக் கதையையும் சேர்த்து. அவர் அன்றைக்குத்தான் நான்காம் அலகு, திணைக் கோட்பாடு, நடத்திவிட்டு வந்திருந்தார். "முதற்பொருள்னா என்ன? நிலமும் பொழுதும். நீங்க நிலத்தை மட்டும் அழகா பிரிச்சு வச்சுட்டு பொழுதை விட்டுட்டீங்க. அந்தக் கடைக்காரர் பொழுதைப் பிடிச்சுக்கிட்டார்" என்றார். சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் கேட்பது எல்லாமே பொழுதுதான். நேற்று வராத வகுப்பில் என்ன நடந்தது? இந்த வாரம் எதை முடிக்க வேண்டும்? நாளைக்கு என்ன? யூனிட் 3இன் இரண்டாம் உட்தலைப்பு என்று தேடிக்கொண்டு வருகிற பிள்ளை செமஸ்டர் கடைசியில்தான் வருகிறாள், அதுவும் பயத்தோடு.

அப்படியானால் வாரவாரியாக அடுக்கிவிட்டு யூனிட்டைத் தூக்கி எறிவதா? அதுவும் முடியாது, அந்தக் கடைசிப் பயத்துக்கும் பதில் வேண்டும். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் எனக்குத் தினமும் சோறு போடும் தொழிலை நானே மறந்துபோயிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. நூலகத்தில் இது எங்களுக்கு அன்றாடச் சிக்கல். மருத்துவ ஸ்கேன் படங்களைக் கணினியால் ஆராய்வது பற்றி ஒரு புத்தகம் வந்தால், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூவி முறைப்படி கணினி இருக்கும் 006இல் வைப்பதா, மருத்துவம் இருக்கும் 616இல் வைப்பதா? புத்தகம் ஒன்று, அது ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும். அதற்காகத்தான் கேட்டலாக். அலமாரியில் இடம் ஒன்று, அட்டை எத்தனை வேண்டுமானாலும். ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் இரண்டு.

எங்கள் தொழிலில் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போயிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் தொகுப்பைப் பார்த்தார், ஒரே துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து விதவிதமான பொம்மை ஆக்குகிறார்களே என்று அதிலிருந்துதான் அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு யோசனை பிறந்தது என்பார்கள். 1933இல் வெளியான முறை அது. ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கோப்பது. அவர் சொன்ன ஐந்து முகங்களில் கடைசி இரண்டு இடமும் காலமும். தமிழய்யாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "சீர்காழிக்காரர்தானே" என்றார், அதுவே விளக்கம் என்பதுபோல.

ரங்கநாதனின் ஐந்து விதிகளை நாங்கள் முதல் செமஸ்டரிலேயே உருப்போடுவோம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. எனக்கு அது அப்போது 2 மார்க் கேள்வி.

2023 மே மாதம் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை 84 பாடத்தையும் எடுக்கவில்லை, கேட்டுக்கொண்ட ஒன்பது ஆசிரியர்களின் பாடங்களை மட்டும். மூடுலில் பாடப் பக்கத்தைத் தலைப்புவாரியாகவும் வைக்கலாம், வாரவாரியாகவும் வைக்கலாம். வாரம் என்று மாற்றினால் தொடக்கத் தேதியிலிருந்து தானே கணக்கிட்டு ஒவ்வொரு பிரிவின் தலையிலும் தேதியை எழுதிக்கொள்ளும், நடப்பு வாரத்தைத் தனியாகக் காட்டும். ஒரு வாரத்துக்குள் ஐந்தாறு பொருள், ஃபோல்டர் இல்லாமல், வெட்டவெளியில். ஒரு தொடுதலில் ஃபைல். பெயரை அப்படியே திருப்பிப் போட்டேன்: தலைப்பு முதலில், யூனிட் அடுத்து, பாட எண் கடைசியில். கல்லூரிப் பெயரை எடுத்தே விட்டேன். அது எந்தக் கல்லூரி என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பக்கத்தின் உச்சியில் பொது என்று ஒரு பிரிவு எப்போதும் இருக்கும். அதன் பெயரை 'நாளைக்கு' என்று மாற்றினேன். அதில் ஒரே ஒரு பக்கம்: யூனிட் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே அந்தந்த வாரத்தில் கிடக்கும் ஃபைலுக்கு இணைப்பு. என் பழைய கேட்டலாக் அட்டைகள்தான். இணைப்பு என்பதால் ஃபைலை இரண்டாவது தடவை ஏற்ற வேண்டியதில்லை. ஆய்வகக் கையேடும் பழைய வினாத்தாளும் மட்டும் ஃபோல்டரில், முழுசாக இறக்கும் பட்டனோடு. 2013க்காரர்களுக்கும் தனியாக ஒரு பிரிவு, ஜெராக்ஸ் அண்ணனின் உபயத்தில்.

கணினித் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் ஒப்பவே இல்லை. "யூனிட்வாரியாத்தான் மேடம் சிலபஸ். வாரம்னு போட்டா மழை லீவு விட்டா என்ன பண்ணுவீங்க?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நவம்பரில் மழைக்கு நாலு நாள் லீவு விட்டார்கள், வாரம் எல்லாம் கோணலாகிப் போனது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துவிட்டேன். அவர் தன் பாடத்தை யூனிட்வாரியாகவே வைத்திருக்கிறார், அவர் பிள்ளைகளும் படித்துப் பாஸாகிறார்கள். மூடுலின் 4.5 பதிப்பில், 2024 அக்டோபரில், பிரிவுக்குள் உட்பிரிவு வைக்கும் வசதி வந்தது. அது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சமரசம். யூனிட்டுக்குள் வாரம். அவர் அதையும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு விபத்தையும் சொல்லிவிட வேண்டும், யாருக்காவது உதவும். இந்த இடமாற்றத்தின்போது ஓர் ஆசிரியை பழைய ஃபோல்டர் ஒன்றை முழுசாக அழித்துவிட்டார், 40 ஃபைல். அழுதுகொண்டே வந்தார். மூடுலில் குப்பைத்தொட்டி உண்டு, யாரும் மாற்றாவிட்டால் அழித்ததை ஒரு வாரம் வைத்திருக்கும். மீட்டுக் கொடுத்தேன், எனக்கு அதிரசம் வந்தது. அடுத்த மாதம் இன்னொருவர் ஃபோல்டரை விட்டுவிட்டு அதன் உள்ளே இருந்த மூன்று ஃபைலை மட்டும் அழித்துவிட்டு வந்தார். இதே தைரியத்தில் தொட்டியைத் திறந்தேன், காலி. பொருளாக அழித்தால்தான் தொட்டிக்குப் போகும். ஃபோல்டருக்குள் கைவிட்டு எடுத்தால் போனது போனதுதான். அந்த மூன்றையும் கடைசியில் ஜெராக்ஸ் கடையிலிருந்துதான் வாங்கி வந்தேன், பென் டிரைவில்.

சர்வர் இடம் நிறைகிறது என்று ஆய்வகத் தம்பி ஒருநாள் கூப்பிட்டான். மூடுல் ஃபைல்களை எங்கே வைக்கிறது என்று அன்றுதான் முதன்முறை பார்த்தேன். என் யூனிட்டும் இல்லை, வாரமும் இல்லை. இரண்டெழுத்துப் பெயரில் ஃபோல்டர்கள், அதற்குள் இன்னும் இரண்டெழுத்து, அதற்குள் 40 எழுத்து நீளத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த ஏதோ ஒன்று. ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட்டு வரும் எண்ணாம் அது. அதுதான் அதன் பெயர். ஒரே சிலபஸ் பிடிஎஃப்பை 14 பேர் ஏற்றியிருந்தார்கள், 14 பேர் வைத்ததும் வேறு வேறு பெயர், ஆனால் சர்வரில் இருந்தது ஒரே ஒரு பிரதி. பெயரும் இடமும் எல்லாம் டேட்டாபேஸில் ஒரு பட்டியலாக மட்டும் இருக்கிறது. எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் அட்டை எழுதிக்கொள், புத்தகம் ஒன்றுதான் என்று அந்த மென்பொருள் உள்ளுக்குள் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. நான் மேலே உட்கார்ந்துகொண்டு மஞ்சள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையை இப்போதும் பார்க்கிறேன். ஒன்பது பாடங்களில் ஆறில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, இரண்டில் அப்படியே. ஒன்றில் இறங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை, அந்த ஆசிரியர் வகுப்பிலேயே எல்லாம் எழுதிப்போட்டு விடுகிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பும் நிற்கவில்லை. மாற்றம் ஒன்றுதான்: இப்போது அதில் ஃபைலுக்குப் பதிலாகச் சில சமயம் எங்கள் பக்கத்தின் இணைப்பு ஓடுகிறது.

போன வாரம் புது செமஸ்டருக்காகப் பாடங்களை நகலெடுத்துத் தேதி மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த பிரிவு ஒன்று எனக்கென்று இருக்கிறது. எந்த வாரத்திலும் சேராதது, எந்த யூனிட் என்று ஆசிரியருக்கே நினைவில்லாதது, அழிக்க மனசு வராதது எல்லாம் அங்கே போய்ச் சேரும். பெயர் 'அப்புறம் பார்க்கலாம்'. எண்ணிப் பார்த்தேன், 61 ஃபைல். அந்தப் பிறந்தநாள் கேக்கும் அதில்தான் இருக்கிறது. பிரிவை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.